எபமினோண்டாஸ் ஸ்டாதோபூலோ

எபமினோண்டாஸ் ஸ்டாதோபூலோ (1893 - சூன் 1943) ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வாழ்ந்த, கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்த இசைக்கருவி உற்பத்தியாளர் ஆவார். குடும்பத்தாரும் இசைக்கலைஞர்களும் இவரை எப்பி என்று சுருக்கமாக அழைத்தனர். எபிஃபோன் என்ற புகழ்பெற்ற கித்தார் நிறுவனத்தின் பெயர் இவரது பெயரிலிருந்து பிறந்ததாகும். 1930களில் கிப்சன் நிறுவனத்திற்கு நிகரான உயர்தரக் கித்தார்களை உருவாக்கி, அதன் முதன்மைப் போட்டியாளராக விளங்கினார். இவர் இறந்து 14 ஆண்டுகளுக்குப் பின் எபிஃபோன் அதே கிப்சனின் தாய் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. பிற்காலத்தில் குறைந்த விலையில் கிடைக்கும் அரை உள்ளீடற்ற மின்கித்தார்களால் எபிஃபோன் என்ற பெயர் உலகெங்கும் பரவியது. ஆனால் அத்தகைய கித்தார் எதையும் எப்பி தம் வாழ்நாளில் தயாரிக்கவில்லை.

பிறப்பும் குடும்பமும்

எப்பியின் தந்தை அனஸ்தாசியோஸ் ஸ்டாதோபூலோ 1863 ஆம் ஆண்டு கிரேக்க நாட்டில் பிறந்தவர். மர வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த இவர் இளமையிலேயே குடும்பத்துடன் உதுமானியப் பேரரசின் துறைமுக நகரான இசுமிர்னாவில் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) குடியேறினார். அங்கே மரவேலையும் இசைக்கருவி செய்யும் தொழிலும் கற்று, லூட், வயலின் போன்ற கருவிகளைச் செய்து விற்று வந்தார். எப்பி 1893 ஆம் ஆண்டு இக்குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். தாயாரின் பெயர் மரியாந்தி. இளைய சகோதரர்களுள் ஓர்ஃபியஸ், ஃப்ரிக்ஸோ ஆகிய இருவரும் பின்னாளில் நிறுவனத்தில் முக்கியப் பங்காற்றினர்.

1903 ஆம் ஆண்டு இக்குடும்பம் ஐக்கிய அமெரிக்காவிற்குப் புலம்பெயர்ந்தது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் கிரேக்க, இத்தாலியக் குடியேறிகள் மிகுதியாக வாழ்ந்த இடத்தில் அனஸ்தாசியோஸ் தம் பட்டறையை அமைத்தார். அக்காலத்தில் இத்தாலியக் குடியேறிகளிடையே மாண்டலின் பெரிதும் விரும்பப்பட்டதால், அவரது பட்டறையின் முதன்மைத் தயாரிப்பாக மாண்டலினே இருந்தது. பள்ளிப் பருவத்திலேயே பட்டறையில் பழகிய எப்பி, தந்தையின் தொழிலையும் அமெரிக்கச் சந்தையின் போக்கையும் ஒருங்கே அறிந்தவராக வளர்ந்தார்.

நிறுவனப் பொறுப்பு

1915 ஆம் ஆண்டு தந்தை இறந்தபோது எப்பியின் வயது 22. குடும்பத்தையும் தொழிலையும் காக்கும் பொறுப்பு மூத்த மகனான இவரிடம் வந்தது. 1917 முதல் கருவிகளின் உள்ளே ஒட்டப்படும் பெயர்ச்சீட்டில் ஸ்டாதோபூலோ இல்லம் என்று அச்சிடப்பட்டது.

முதல் உலகப்போருக்குப் பின் இசையின் போக்கு மாறியது. நடன அரங்குகளில் ஜாஸ் இசை பரவ, மாண்டலினின் செல்வாக்குக் குறைந்து, உரத்த ஒலியுடைய பாஞ்சோவிற்குத் தேவை பெருகியது. இதனை உணர்ந்த எப்பி மாண்டலின் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்து, பாஞ்சோ உற்பத்தியில் கவனம் செலுத்தினார். 1924 ஆம் ஆண்டளவில் எபிஃபோன் என்ற வணிகப்பெயர் வழக்கிற்கு வந்தது. தம் செல்லப்பெயரான எப்பி என்பதையும், ஒலி எனப் பொருள்படும் ஃபோன் என்ற கிரேக்கச் சொல்லையும் இணைத்து இப்பெயரை அவர் அமைத்தார். 1928 இல் நிறுவனம் எபிஃபோன் பாஞ்சோ நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அடுத்த சில ஆண்டுகளிலேயே பாஞ்சோவின் காலமும் முடியத் தொடங்கியது. ஒலிவாங்கி, வானொலி ஆகியவற்றின் வருகையால் கித்தாரின் மென்மையான ஒலியும் மக்களைச் சென்றடைந்தது. 1929 இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் பல பாஞ்சோ நிறுவனங்களை வீழ்த்தியது. எப்பி மீண்டும் ஒருமுறை தம் தயாரிப்பை மாற்ற வேண்டியதாயிற்று. 1928 இல் அவர் வெளியிட்ட ரெக்கார்டிங் வரிசைக் கித்தார்கள் சிறியனவாகவும் அலங்காரம் மிக்கனவாகவும் இருந்தமையால் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை.

கிப்சனுடன் போட்டி

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரிலிருந்த கிப்சன் நிறுவனம் 1922 இல் எல்-5 என்ற கித்தாரை அறிமுகப்படுத்தியிருந்தது. வயலினைப் போன்று புடைத்த மேற்பலகையும், எஃப் எழுத்து வடிவத் துளைகளும் கொண்ட இவ்வகைக் கித்தார் ஆர்ச்டாப் எனப்படும். பெரிய ஊதுகருவிக் குழுக்களின் நடுவிலும் இதன் ஒலி தனித்துக் கேட்டதால், ஜாஸ் கலைஞர்கள் பாஞ்சோவைக் கைவிட்டு இதனை ஏற்றனர்.

எப்பி 1931 ஆம் ஆண்டு மாஸ்டர்பில்ட் என்ற பெயரில் ஆர்ச்டாப் கித்தார்களின் முழு வரிசையை ஒரே முறையில் வெளியிட்டார். விலை குறைந்த ஒலிம்பிக் முதல் டிரையம்ஃப், பிராட்வே ஆகியவற்றைக் கடந்து உயர்விலை டி லக்ஸ் வரை அதில் பல கித்தார்கள் இடம்பெற்றன. எல்-5 கித்தாரின் உடல் அகலம் 16 அங்குலம். டி லக்ஸ் கித்தாரின் அகலமோ 16 3/8 அங்குலம். சற்றே பெரிய உடல், சற்றே உரத்த ஒலி என்பதே இதன் நோக்கம்.

கிப்சனும் சும்மா இருக்கவில்லை. எல்-5 கித்தாரின் அகலத்தை 17 அங்குலமாக உயர்த்தியதுடன், 1934 இல் 18 அங்குல அகலமுடைய சூப்பர் 400 என்ற கித்தாரையும் வெளியிட்டது. எப்பி 1935 இல் 18 1/2 அங்குல அகலமுடைய எம்பரர் கித்தாரின் மூலம் பதிலளித்தார். டி லக்ஸ் முதலானவற்றின் அகலத்தையும் 17 3/8 அங்குலமாக உயர்த்தினார். இரு நிறுவனங்களின் இப்போட்டியால் 1930களில் ஆர்ச்டாப் கித்தாரின் தரம் விரைந்து உயர்ந்தது.

1935 ஆம் ஆண்டு நிறுவனம் மன்ஹாட்டனில் 14 ஆம் தெருவிலிருந்த ஏழு மாடிக் கட்டடத்திற்கு மாறியது. அங்கிருந்த காட்சிக்கூடம் கித்தார் கலைஞர்கள் கூடும் இடமாக விளங்கியது. ஹாரி வோல்ப்பி, ஆல் கயோலா, லெஸ் பால் போன்றோர் அங்கு வந்து காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த கித்தார்களை எடுத்து வாசிப்பது வழக்கம்.

மின்கித்தார் முயற்சிகள்

ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் மின்கித்தார்கள் பெற்ற வெற்றியைக் கண்ட எப்பி, 1935 இல் மின்கித்தார் துறையிலும் நுழைந்தார். இக்கித்தார்கள் விரைவில் எலெக்டார் என்ற பெயரைப் பெற்றன. இவற்றிற்கான ஒலிபெருக்கிகளை, பின்னாளில் டேன்எலக்ட்ரோ நிறுவனத்தைத் தொடங்கிய நேத்தன் டேனியல் செய்து தந்தார். எபிஃபோனில் பணியாற்றிய ஹெர்ப் சன்ஷைன் இரு முக்கியமான உறுப்புகளை வடிவமைத்தார். ஒன்று, ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியே உயரத்தைச் சரிசெய்யக்கூடிய திருகுகளைக் கொண்ட பிக்கப். பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் காந்தச் சுருளாகும். மற்றொன்று, தந்திகளின் அடிமுனையைப் பிடித்து நிறுத்த, நீளம் வேறுபட்ட இரு கவைகளைக் கொண்ட ஃப்ரீக்வென்சேட்டர் என்ற உறுப்பு.

அக்கால மின்கித்தார்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. உள்ளீடற்ற கித்தாரின் மெல்லிய மேற்பலகை, ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலியால் தானும் அதிரும். அவ்வதிர்வு தந்திகளுக்குச் செல்லும். பிக்கப் அதனை மீண்டும் ஒலிபெருக்கிக்கு அனுப்பும். இச்சுழற்சி ஓரளவைத் தாண்டும்போது கருவி ஊளையிடத் தொடங்கும். இது பின்னூட்டம் எனப்படுகிறது. ஒலியை உயர்த்த உயர்த்த இத்தொல்லையும் பெருகியது.

லெஸ் பாலின் மரக்கட்டை

இக்குறைக்குத் தீர்வு காணும் முயற்சி ஒன்று எப்பியின் தொழிற்சாலையிலேயே நடைபெற்றது. கித்தார் கலைஞர் லெஸ் பால் 1940-41 ஆம் ஆண்டுகளில், விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தொழிற்சாலையைப் பயன்படுத்திக்கொள்ள இசைவு பெற்றார். ஏறத்தாழ 4 அங்குலப் பக்கமுடைய பைன் மரக்கட்டை ஒன்றின்மீது கழுத்தையும் தந்திகளையும் பிக்கப்களையும் பொருத்தினார். திண்மையான கட்டை எளிதில் அதிராததால் ஊளை எழவில்லை. ஆனால் பார்வைக்கு அது கித்தாராகவே தோன்றவில்லை. ஆகவே எபிஃபோன் ஆர்ச்டாப் ஒன்றின் உடலை அறுத்து, அதன் இரு பாதிகளையும் கட்டையின் இருபுறமும் சிறகுகளைப் போல் ஒட்டினார். லாக், அதாவது மரக்கட்டை, என்றே இக்கருவி அழைக்கப்படுகிறது.

நடுவே திண்மையான கட்டை, இருபுறமும் உள்ளீடற்ற சிறகுகள் என்ற அமைப்பு பின்னாளில் வந்த அரை உள்ளீடற்ற கித்தாரை நினைவூட்டுவதாகும். எனினும் லாக் கருவியில் சிறகுகள் தோற்றத்திற்காக மட்டுமே சேர்க்கப்பட்டவை. எனவே அதனை அரை உள்ளீடற்ற கித்தாரின் நேரடி மூதாதை என்று கூற இயலாது. 1940களில் லெஸ் பால் இக்கருவியைக் கிப்சனிடம் காட்டியபோது அந்நிறுவனம் அதனை ஏற்கவில்லை.

மறைவு

இரண்டாம் உலகப்போரின் காரணமாக மூலப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, இசைக்கருவி உற்பத்தி முடங்கியிருந்த காலத்தில், 1943 சூன் மாதம் எப்பி இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அப்போது அவரது வயது ஏறத்தாழ 50.

மறைவுக்குப் பின் நிறுவனம்

எப்பிக்குப் பின் ஓர்ஃபியஸ் தலைவராகவும் ஃப்ரிக்ஸோ துணைத் தலைவராகவும் பொறுப்பேற்றனர். சகோதரர்களிடையே கருத்து வேறுபாடு முற்றியதால், 1948 இல் ஃப்ரிக்ஸோ தம் பங்குகளை விற்று விலகினார். 1951 இல் தொழிலாளர்கள் நான்கு மாத காலம் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின்னர் உற்பத்தி பிலடெல்பியாவிற்கு மாற்றப்பட்டது. நியூயார்க்கை விட்டுச் செல்ல விரும்பாத கைவினைஞர்கள் பலர் எபிஃபோனிலிருந்து விலகினர். எபிஃபோனின் முன்னாள் அலுவலரான ஜார்ஜ் மான் என்பவரும் ஆல்ஃபிரட் டிராஞ்ச் என்பவரும் 1952 இல் தொடங்கிய கில்டு நிறுவனம் இவர்களுள் சிலருக்கு வேலை அளித்தது. ஒரு நிறுவனத்தின் உண்மையான சொத்து கைத்திறன் மிக்க தொழிலாளர்களே என்பதற்கு எபிஃபோனின் இவ்வீழ்ச்சி சான்றாகும்.

1957 ஆம் ஆண்டு ஓர்ஃபியஸ் நிறுவனத்தை, கிப்சனின் தாய் நிறுவனமான சிகாகோ இசைக்கருவி நிறுவனத்திற்கு 20,000 டாலருக்கு விற்றார். கிப்சனின் தலைவர் டெட் மெக்கார்ட்டி, எபிஃபோனின் புகழ்பெற்ற பெரிய பாஸ் வயலின்களைத் தயாரிக்கும் உரிமையையும் கருவிகளையும் மட்டுமே பெறுவதாக எண்ணியிருந்தார். ஆனால் கலமசூவிற்கு வந்து சேர்ந்த சரக்கில் கித்தார் பகுதிகளும் வார்ப்புருக்களும் அடங்கியிருந்தன. கிப்சன் கித்தார்களை விற்கும் உரிமை கிடைக்காத கடைகளுக்கு எபிஃபோன் கித்தார்களை வழங்கலாம் என்று முடிவு செய்யப்பட்டது. இவ்வாறு எப்பியின் பெயர் தாங்கிய கித்தார்கள் அவருடைய போட்டியாளரின் கையால் செய்யப்படலாயின.

அரை உள்ளீடற்ற கித்தார்

1958 ஆம் ஆண்டு கிப்சன் ஈஎஸ்-335 என்ற கித்தாரை வெளியிட்டது. சந்தைக்கு வந்த முதல் அரை உள்ளீடற்ற மின்கித்தாராக இது கருதப்படுகிறது. இதன் உடல் 16 அங்குல அகலமும் ஏறத்தாழ 1 3/4 அங்குலத் தடிமனும் உடையது. மேற்பலகையும் அடிப்பலகையும் ஒட்டுப் பலகையால் ஆனவை. இவ்விரண்டிற்கும் நடுவே, கழுத்து இணையும் இடம் முதல் உடலின் அடிவரை, மேப்பிள் மரக்கட்டை ஒன்று செல்கிறது. பலகைகள் வளைந்தும் கட்டை தட்டையாகவும் இருப்பதால், இடைவெளியை நிரப்ப ஸ்புரூஸ் மரப் பட்டைகள் வைத்து ஒட்டப்படுகின்றன.

தந்திகளைத் தாங்கும் குதிரையும் பிக்கப்களும் இக்கட்டையின்மேல் அமைவதால் மேற்பலகை எளிதில் அதிர்வதில்லை, ஊளை குறைகிறது. தந்தியின் ஒலி நீண்ட நேரம் நிலைக்கிறது. இருபுறமும் உள்ள வெற்றிடம் கருவியின் ஒலிக்கு ஓரளவு மென்மையைத் தருகிறது. மேற்பலகையும் அடிப்பலகையும் அச்சில் அழுத்தி வளைக்கப்படுவதால், கையால் செதுக்கிய ஆர்ச்டாப்பை விடக் குறைந்த செலவில் இதனைச் செய்ய முடிகிறது. பிற்காலத்தில் குறைந்த விலைக் கித்தார்களிலும் இவ்வமைப்பைப் பின்பற்ற முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எபிஃபோன் கித்தார்களின் ஒப்பீடு

எபிஃபோன் பெயரில் வெளிவந்த இவ்வகைக் கித்தார்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும் உள்ளமைப்பில் வேறுபடுகின்றன.

- ஷெரட்டன் (1958): 335 கித்தாரைப் போன்றே நடுக்கட்டை உடையது. அதனை விட அலங்காரம் மிகுந்தது. விரற்பலகையில் முக்கோணம் பதித்த செவ்வகச் சிப்பி வேலைப்பாடும், தலைப்பகுதியில் கொடி வேலைப்பாடும் காணப்படும். தொடக்க ஆண்டுகளில் செய்யப்பட்டவற்றில், நியூயார்க் தொழிற்சாலையில் எஞ்சியிருந்த பழைய பிக்கப்களே பொருத்தப்பட்டன. எப்பியின் காலத்து ஃப்ரீக்வென்சேட்டரும் இதில் இடம்பெற்றது. பின்னர் சிறிய ஹம்பக்கர் பிக்கப்கள் பயன்படுத்தப்பட்டன. இரு சுருள்களை இணைத்து இரைச்சலைக் குறைக்கும் பிக்கப் ஹம்பக்கர் எனப்படும்.

- ரிவியேரா (1962): ஷெரட்டனின் உடலமைப்பையே கொண்டது. சிறிய ஹம்பக்கர்களும், இணைகர வடிவ விரற்பலகைப் பதிப்புகளும் உடையது. அலங்காரம் குறைவு.

- கசினோ (1961): இதனை அரை உள்ளீடற்ற கித்தார் என்று பலர் தவறாக எண்ணுவதுண்டு. வடிவம் 335 கித்தாரை ஒத்திருப்பினும் இதனுள் நடுக்கட்டை இல்லை. எனவே இது முழுதும் உள்ளீடற்றது; எடை குறைந்தது; உரத்த ஒலியில் விரைவாக ஊளையிடக்கூடியது. ஹம்பக்கருக்கு மாற்றாக ஒற்றைச் சுருள் கொண்ட பி-90 பிக்கப்கள் இதில் உள்ளன. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, ஜான் லெனன், ஜார்ஜ் ஹாரிசன் ஆகிய மூவரும் இதனைப் பயன்படுத்தினர்.

- ஷெரட்டன் II (1986): பழைய ஷெரட்டனின் அலங்காரத்தைத் தக்க வைத்து, முழு அளவு ஹம்பக்கர்களுடன் தென் கொரியாவில் செய்யப்பட்டது. இதன் கழுத்து பல மரப்பட்டைகளை ஒட்டிச் செய்யப்பட்டதாகும்.

- டாட்: 1990களின் பிற்பகுதியில், 335 கித்தாரின் தொடக்க கால வடிவத்தைப் பின்பற்றி வெளிவந்தது. விரற்பலகையில் அலங்காரப் பதிப்புகளுக்கு மாற்றாக எளிய புள்ளிகள் மட்டுமே இருந்ததால் இப்பெயர் பெற்றது. மேப்பிள் ஒட்டுப் பலகை உடல், நடுக்கட்டை, ஒட்டி இணைக்கப்பட்ட கழுத்து, இரு ஹம்பக்கர்கள், 24.75 அங்குலத் தந்தி நீளம் ஆகிய அடிப்படைகள் 335 கித்தாரினுடையவையே. முதலில் தென் கொரியாவிலும் பின்னர் சீனாவிலும் செய்யப்பட்டது. மாணவர்களும் தொடக்க நிலைக் கலைஞர்களும் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தமையால் பெரும் வரவேற்பைப் பெற்றது.

- டாட் ஸ்டூடியோ: டாட் கித்தாரின் எளிமையாக்கப்பட்ட வடிவம். நான்கு திருகுக் குமிழ்களுக்கு மாற்றாக இரண்டு மட்டுமே உண்டு.

கருவி ஒன்றை வாங்குவோர், மேற்பலகையில் உள்ள எஃப் துளையின் வழியே உள்ளே நோக்கினால் நடுக்கட்டை உண்டா இல்லையா என்பதை எளிதில் அறியலாம். ஒரே பெயருடைய கித்தார் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆலைகளில் செய்யப்பட்டிருப்பதால், பெயரை மட்டும் கொண்டு இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது. பிக்கப், குதிரை, தந்தி முறுக்கும் ஆணிகள் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை.

மலிவு விலைக்கு மாறிய வரலாறு

எபிஃபோன் தொடக்கம் முதலே கிப்சனின் மலிவுப் பெயராக இருந்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. 1957 முதல் 1969 வரை எபிஃபோன் கித்தார்கள் கிப்சன் கித்தார்களுடன் கலமசூவிலேயே, அதே தொழிலாளர்களாலும் அதே மரங்களாலும் செய்யப்பட்டன. 1970 அளவில் உற்பத்தி சப்பானுக்கு மாற்றப்பட்டபோதுதான் நிலைமை மாறியது. அங்கு முதலில் செய்யப்பட்டவை பெரும்பாலும் பழைய எபிஃபோன் வடிவங்களோடு தொடர்பற்றவை. பின்னர் ரிவியேரா, ஷெரட்டன் போன்ற பழைய பெயர்கள் மீண்டும் வந்தன. 1980களில் உற்பத்தி தென் கொரியாவிற்குச் சென்றது. 2004 இல் சீனாவின் சிங்தாவ் நகரில் எபிஃபோனுக்கெனத் தனித் தொழிற்சாலை அமைக்கப்பட்டது. பின்னர் ஈஎஸ்-335 என்ற பெயரையே தாங்கிய எபிஃபோன் கித்தாரும் அறிமுகமானது.

மரபு

எப்பி பொறுப்பேற்றிருந்த 28 ஆண்டுகளில் மாண்டலினிலிருந்து பாஞ்சோ, ஆர்ச்டாப், மின்கித்தார் என மூன்று முறை சந்தையின் மாற்றத்திற்கேற்பத் தம் தொழிலை மாற்றியமைத்தார். ஒவ்வொரு முறையும் அவர் சந்தையின் உயர்நிலையில் இடம்பிடிக்க முயன்றார்; எனினும் மாஸ்டர்பில்ட் வரிசையில் ஒலிம்பிக் போன்ற எளிய கருவிகளுக்கும் இடம் அளித்திருந்தார். இன்று நியூயார்க்கில் செய்யப்பட்ட டி லக்ஸ், எம்பரர் கித்தார்கள் சேகரிப்பாளர்களால் தேடி வாங்கப்படுகின்றன. பெரும்பாலானோர் இவர் பெயரை அறிவது அக்கருவிகளால் அன்று. தாங்கள் முதன்முதலாக வாங்கிய விலை குறைந்த கித்தாரின் தலைப்பகுதியில் பொறிக்கப்பட்டுள்ள எபிஃபோன் என்ற எழுத்துகளாலேயே ஆகும்.